160 மைக்ரோமீட்டர்தான் லிமிட்.. 840-ஐ தொட்ட அதிர்வு! 75 உயிர்களைப் பறித்த டர்பைன்.. மெஷினுக்கு ‘நாடி’ பார்ப்பது எப்படி?

வீட்டில் மிக்ஸி வழக்கத்தைவிட அதிகமா உதறினால் உடனே நிறுத்திவிட்டு, ஜாரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்ப்போம். 640 மெகாவாட் டர்பைனில் அப்படிச் செய்ய முடியாது. அங்கே அதிர்வை அளந்துதான் ஆகணும். அளந்தால் மட்டும் போதாது, அளவைப் பார்க்கவும் வேண்டும்.

2009 ஆகஸ்ட் 17. ரஷ்யாவின் எனிசெய் ஆற்றில் உள்ள சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையம். காலை 8.13 மணிக்கு 2-வது டர்பைனின் பேரிங்கில் பதிவான அதிர்வு 840 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அனுமதிக்கப்பட்ட அளவு வெறும் 160தான். டர்பைன் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அறுந்து, பல நூறு டன் எடையுள்ள சுழலும் பாகம் மேலே தூக்கி எறியப்பட்டது. மெஷின் ஹாலுக்குள் ஆற்றுத் தண்ணீர் பாய்ந்தது. 75 பேர் இறந்தனர்.

போல்ட் ஏன் அறுந்தது?

கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ‘பட்’டென்று முறியும்ல, அதேதான். தொடர் அதிர்வால் போல்ட்டுகளில் ஏற்கெனவே விரிசல்கள் இருந்தது ஆய்வில் தெரியவந்தது.

அப்போ அளக்கும் கருவியே இல்லையா? இருந்தது! தொடர் அதிர்வுக் கண்காணிப்பு கருவி அந்த ஆண்டுதான் 2-வது டர்பைனில் பொருத்தப்பட்டது. ஆனால் அது முறைப்படி பயன்பாட்டுக்கு வரவில்லை, அதன் அளவுகளை வைத்து யாரும் முடிவெடுக்கவும் இல்லை என்றது விசாரணை அறிக்கை. மனசு ஆறாத இடம் இதுதான்.

எப்படி அளக்கிறார்கள்?

பேரிங் மேல் ‘ஆக்சிலரோமீட்டர்’ என்ற சின்ன சென்சாரை ஒட்டுவார்கள். போனைத் திருப்பினால் ஸ்க்ரீனும் திரும்புகிறதே, அதற்குக் காரணமும் இதன் குட்டித் தம்பிதான். மெதுவாகச் சுழலும் பெரிய டர்பைன்களில் தண்டு எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். மோட்டார், பம்புகளில் அதிர்வின் வேகம், நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது கணக்கு.

எவ்வளவு அதிர்கிறது என்பதோடு, நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதும் முக்கியம். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் மோட்டார் என்றால் நொடிக்கு 50. அந்த 50-லேயே அதிர்வு எகிறினால் பெரும்பாலும் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். 100-ல் எகிறினால் மோட்டாரும் பம்பும் நேர்க்கோட்டில் இல்லையோ என்று சந்தேகப்படுவார்கள். பேரிங் தேய ஆரம்பித்தால் அதைவிட உயர்ந்த எண்களில் காட்டும். நாடி பிடித்து நோய் சொல்வது மாதிரிதான்.

இதை மெஷின் ஓடும் இடத்திலேயே செய்யணும். கம்பெனி டெஸ்டில் பாஸான பம்ப்கூட, சைட்டில் அடித்தளம் லூசாக இருந்தால் ஆடத்தான் செய்யும்.

‘ஷாக்’ என்பது வேற!

கரண்ட் ஷாக் இல்லைங்க. ஒரே ஒரு திடீர் அடி. பெரிய டிரான்ஸ்ஃபார்மரை லாரியிலோ கப்பலிலோ அனுப்பும்போது, குலுக்கலைப் பதிவு செய்யும் ரெக்கார்டரையும் அதிலேயே மாட்டி அனுப்புவார்கள். வழியில் பலமாக இடித்து உள்ளே சுருள் நகர்ந்திருந்தாலும் வெளியே ஒரு கீறல்கூட தெரியாது. அதனால் சைட்டுக்கு வந்ததும் ரெக்கார்டர் பதிவைப் பார்ப்பார்கள். லிமிட்டைத் தாண்டியிருந்தால், உள்ளே சோதித்துப் பார்க்காமல் கரண்ட் கொடுக்க மாட்டார்கள்.

சயானோவில் அந்த 2-வது டர்பைன் இருந்த இடத்தில் புதியது சுழலத் தொடங்கியது 2014 நவம்பரில்தான்.