டிரவுட்டுக்கு முன்னால் டிராலி

ஞாயிற்றுக்கிழமைகளில் தென் லண்டனின் வாண்டில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வேடிக்கை நடக்கும். மார்பு வரை ரப்பர் உடுப்பு மாட்டிய கும்பல் ஒன்று, கயிறு கட்டிய கொக்கியைத் தண்ணீருக்குள் வீசி, “இழு, இழு!” என்று கூச்சல் போடும். ஆகா, பெரிய மீன் என்று எட்டிப் பார்த்தால் சூப்பர் மார்க்கெட் டிராலி! பின்னாலேயே டயர், சைக்கிள், சில நாள் மோட்டார் சைக்கிளே கரையேறும். ஆற்றைச் சுத்தம் செய்யும் தன்னார்வலர்கள் இவர்கள்.

இது லேசுப்பட்ட ஆறில்லை. சுண்ணாம்புப் பாறை ஊற்றில் பிறந்து சுமார் 14 கிலோமீட்டர் ஓடி தேம்ஸில் கலக்கிறது. 1797-இல் போரில் வலது கையை இழந்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன், பிறகு ஆற்றோர மெர்ட்டனில் குடியிருந்தபோது தூண்டில் போட்டது இங்கேதான், இடது கையால்! அப்புறம் ஆலைகள் பெருகின. பட்டறையில் என்ன சாயமோ அதே நிறத்தில் ஆறும் ஓடியது. 1960-களில் அதிகாரிகளே ‘திறந்த சாக்கடை’ என்று கைகழுவிவிட்டார்கள். அங்கே வாழ்ந்த டிரவுட் மீன் போயே போச்சு.

அதைத் திரும்ப அழைத்து வந்த கூத்து இருக்கிறதே, அது பள்ளிக்கூடத்தில் நடந்தது! வாண்டில் டிரஸ்ட் என்ற உள்ளூர் அமைப்பு டிரவுட் முட்டைகளை வகுப்பறைத் தொட்டிகளில் வைத்தது. ஆரஞ்சு நிறம், பட்டாணியைவிடச் சிறிசு. உற்றுப் பார்த்தால் உள்ளே இரண்டு கறுப்புக் கண்! வெளிச்சம் ஆகாது என்று தொட்டிக்கு முக்காடு. சூடு ஆகாது என்று தண்ணீருக்குத் தனிக் குளிரூட்டி. மாப்பிள்ளை உபசாரம்தான். பொரித்த குஞ்சு, கட்டுச்சோறு மாதிரி மஞ்சள்கருப் பையை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு கிடக்கும். அது தீர்ந்து இரை தின்னத் தொடங்கியதும், பிள்ளைகளே கொண்டுபோய் ஆற்றில் விடுவார்கள்.

2007-இல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஆற்றில் குளோரின் கலந்து ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. மறுபடி முதலிலிருந்து!

குஞ்சு விட்டால் மட்டும் போதாதே, அது வளர்ந்து முட்டையிடவும் வேண்டும். தாய் மீனுக்கு வேண்டியது சுத்தமான சரளை. வாலால் பள்ளம் பறித்து அதில்தான் முட்டையிடும். வண்டல் மூடினால் முட்டைக்கு மூச்சு முட்டும். அதற்காகப் பழைய தடுப்பணைகளைத் தாழ்த்தி, சரளை கொட்டினார்கள். இப்போது டிரவுட் அங்கே தானாகவே பெருகுகிறது.

எனக்குப் பிடித்தது வேறு. தன்னார்வலர் ஒருவர் ஆற்றில் இறங்கி மூன்று நிமிடம் அடித்தரையை உதைப்பார். கலைந்து வரும் பூச்சிகளை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, குனிந்து எண்ணுவார்கள். கணக்கு சட்டென்று விழுந்தால், ஆற்றின் மேல்பக்கம் எவனோ ஏதோ கழிவைத் திறந்துவிட்டிருக்கிறான். உடனே பறக்கும் போன், சுற்றுச்சூழல் முகமைக்கு!