இலங்கைக் கால்பந்து அணி: ஒரு கோப்பையும் நெடிய காத்திருப்பும்

தேசியக் கால்பந்து அணி என்பது, ஒரு நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பு தன் குடிமக்களிலிருந்து தேர்ந்தெடுத்து, உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டுக் களமிறக்கும் அணியாகும். அந்த அணியின் வரலாற்றை வென்ற ஆட்டங்களையும் தோற்ற ஆட்டங்களையும் கொண்டு மட்டும் எழுதிவிட முடியாது. அதற்கு அடியில் இயங்கும் உள்ளூர் லீக், மைதானங்கள், கூட்டமைப்பின் நிர்வாகம், வீரருக்குக் கிடைக்கும் ஊதியம் ஆகியவற்றின் வரலாறும் அதனோடு சேர்ந்ததே. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் அணிகளுள் ஒன்று தமிழகத்திற்கு மிக அருகிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து டெல்லியைவிடக் கொழும்பே பல மடங்கு அருகில் உள்ளது. இருந்தும் இலங்கையின் கிரிக்கெட் வீரர்களைப் பெயர் சொல்லி அறிந்த கொங்கு நாட்டு வாசகர்களுக்கு அந்நாட்டின் கால்பந்து அணியைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. ஃபிஃபாவில் உறுப்பினராக உள்ள 211 அணிகளுள் 207ஆம் இடம் வரை இறங்கிய அந்த அணி, ஒரு காலத்தில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கோப்பையைக் கையில் ஏந்தியிருக்கிறது.

இலங்கை சிறிய நாடு என்பதால்தான் அதன் அணி பின்தங்கியது என்று சொல்லப்படும் காரணம் ஆராய்ந்தால் நிற்காது. ஏறத்தாழ 2.2 கோடி மக்கள் வாழும் நாடு அது. ஈரோடு மாநகராட்சியின் மக்கள்தொகையோடு ஒப்பிடத்தக்க அளவே மக்களைக் கொண்ட மாலத்தீவு, 2008ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் இறுதி ஆட்டத்தில் இந்தியாவை வென்று தெற்காசியச் சாம்பியன் ஆனது. 4 லட்சத்தை எட்டாத மக்கள்தொகை கொண்ட ஐஸ்லாந்து 2018 உலகக் கோப்பையில் ஆடியது. ஏறத்தாழ 5 லட்சம் மக்களின் கேப் வெர்டேயும், அதைவிடச் சிறிய கரீபியன் தீவான குராசாவும் 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. ஆகவே, மக்கள்தொகையை விட்டுவிட்டு வேறிடத்தில்தான் விடையைத் தேட வேண்டும்.

பிரிட்டிஷ் படையினரும் தோட்டத்துரைகளும் கொண்டுவந்த கால்பந்து, துறைமுக நகரமான கொழும்பிலும், கிறித்தவப் பள்ளிகள் நிறைந்த மேற்குக் கரையிலும், யாழ்ப்பாணத்து மீனவக் கிராமங்களிலும் விரைவாக வேர் பிடித்தது. கூட்டமைப்பு 1939இல் உருவானது. விடுதலைக்குப் பின்னர், 1952இல், அன்றைய பெயரான சிலோன் என்னும் பெயரில் ஃபிஃபாவில் இடம் பெற்றது. அதே ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, சிலோன் ஆகிய நான்கு நாடுகள் மட்டும் மோதிய கொழும்புக் கோப்பை தொடங்கி, 1955 வரை கொழும்பு, ரங்கூன், கல்கத்தா, டாக்கா என நகரம் மாறி நடந்தது. முதல் ஆண்டுக் கோப்பையை இந்தியாவும் பாகிஸ்தானும் பகிர்ந்துகொண்டன. அடுத்த மூன்றும் இந்தியாவுக்கே சென்றன. ஆசியாவின் முன்னணி அணிகளுள் ஒன்றாக இந்தியா விளங்கிய அக்காலத்தில் சிலோன் கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்ததே தவிர, ஒதுக்கப்பட்ட நிலையில் இல்லை. 1964 ஜனவரியில் கொழும்புக்கு வந்த கிழக்கு ஜெர்மனி அணியிடம் 1-12 என்று தோற்றது இன்றளவும் அதன் மிகப் பெரிய தோல்வியாகப் பதிவாகியுள்ளது.

எழுபதுகளில் அணியின் பெயர் இலங்கை என்று மாறியது; அப்போதும் எண்பதுகளிலும் தரத்தில் பெரிய முன்னேற்றம் காணவில்லை. ஆயினும் தனிப்பட்ட திறமைக்குக் குறைவிருக்கவில்லை. தடுப்பாட்டக்காரரான பக்கீர் அலி, வங்கதேசத்தின் புகழ்பெற்ற டாக்கா அபாஹானி கழகத்தில் பல ஆண்டுகள் ஆடி அந்நகர மக்களின் அன்பைப் பெற்றவர். பின்னாளில் தேசிய அணியின் பயிற்றுநராகவும் வந்தார். திறமையுள்ள இலங்கை வீரர் பிழைப்புக்காக டாக்காவையும் பின்னர் மாலத்தீவின் மாலேயையும் நோக்கிச் செல்வது அப்போதே வழக்கமாகிவிட்டது. உள்நாட்டு லீக்கில் முழுநேர ஊதியம் பெற்று வாழும் வாய்ப்பு அரிது. இராணுவம், விமானப்படை, கடற்படை, காவல்துறை ஆகியவற்றின் அணிகளில் சேர்ந்தால் அரசு வேலையும் கிடைக்கும் என்பதே பலருக்கும் இருந்த ஒரே உறுதி.

இந்நிலையில்தான் 1995ஆம் ஆண்டின் கோப்பையைப் பார்க்க வேண்டும். பின்னாளில் தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாகச் சாஃப் எனப்படுவது, ஏற்று நடத்திய தெற்காசியத் தொடர் அவ்வாண்டு கொழும்பில் நடந்தது. 1993இல் லாகூரில் நடந்த முந்தைய தொடரில் இந்தியா முதலிடமும் இலங்கை இரண்டாமிடமும் பெற்றிருந்தன. இம்முறை இறுதி ஆட்டத்தில் அவ்விரண்டுமே மோதின. வழக்கமான 90 நிமிடங்களில் கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தில் இலங்கை ஒரு கோல் அடித்ததும் ஆட்டம் அத்துடன் முடிந்தது. கூடுதல் நேரத்தில் முதல் கோலை அடிக்கும் அணியே வென்றதாகக் கொள்ளும் ‘தங்க கோல்’ விதி அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. தேசிய அணியின் வரலாற்றில் இதற்கு ஈடான வெற்றி வேறொன்றில்லை.

அடுத்து நடந்ததே இவ்வரலாற்றின் துயரமான பகுதி. ஓராண்டு நிறைவதற்குள், 1996 மார்ச் 17 அன்று, இலங்கைக் கிரிக்கெட் அணி லாகூரில் ஆஸ்திரேலியாவை வென்று உலகக் கோப்பையைப் பெற்றது. விளம்பரப் பணமும், தொலைக்காட்சி நேரமும், பள்ளிச் சிறுவர்களின் கனவும் ஒருசேரக் கிரிக்கெட்டின் பக்கம் சென்றன. கிரிக்கெட்டின் மீது குறை சொல்ல இதில் எதுவுமில்லை. உலகக் கோப்பையை வென்ற விளையாட்டை நாடு கொண்டாடுவது இயல்பே. ஆனால் 1995இன் வெற்றியை அடித்தளமாக்கி, முழுநேரத் தொழில்முறை லீக்கையும் இளையோர் பயிற்சி அமைப்பையும் எழுப்புவதற்கு அமைந்த நல்வாய்ப்பைக் கால்பந்து நிர்வாகம் தவறவிட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது. 1994 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் முதன்முறையாக நுழைந்த இலங்கை, ஜப்பான், ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து, வங்கதேசம் ஆகிய அணிகளோடு ஆடிய 8 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. தெற்காசியாவில் வெல்வதற்கும் ஆசியாவில் நிற்பதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பது கோப்பைக்கு முன்பே தெரிந்திருந்த ஒன்று.

கிரிக்கெட்டைக் காட்டிலும் ஆழமான காரணம் போர். 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போர், நாட்டின் கால்பந்து வளத்தில் பெரும் பங்கு வகித்த வடக்கையும் கிழக்கையும் தேசிய அணியிலிருந்து ஏறக்குறையத் துண்டித்துவிட்டது. யாழ்ப்பாணத்தை நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலை 1990 முதல் 2002 வரையிலும், மீண்டும் 2006 முதல் போர் முடியும் வரையிலும் மூடப்பட்டிருந்தது என்ற ஒரே செய்தி, குருநகரிலோ பாசையூரிலோ நாவாந்துறையிலோ இளவாலையிலோ மாலை நேரங்களில் கடற்கரை மணலில் ஆடிய இளைஞன் ஒருவன் கொழும்பில் நடக்கும் தேர்வு ஆட்டத்திற்கு வந்து சேர்வது எத்தகைய காரியமாக இருந்திருக்கும் என்பதை விளக்கப் போதுமானது. அவர்களுள் பலர் புலம்பெயர்ந்தனர், பலர் உயிரிழந்தனர், எஞ்சியோர் உள்ளூர்க் கழகங்களை அணையாமல் காத்தனர். அணியில் இடம்பெறாமலே போன அந்த இருபத்தாறு ஆண்டுகளின் தமிழ் ஆட்டக்காரர்களுக்குப் புள்ளிவிவரத்தில் இடமில்லை. ஆயினும் இவ்வரலாற்றை எழுதுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அவர்களே.

போர் முடிந்த பின் நிலைமை மெல்ல மாறியது. இந்திய அரசின் நிதியுதவியுடன் புதுப்பிக்கப்பட்ட யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு 2016 ஜூன் 18 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. இந்தியப் பிரதமர் காணொலி வழியாக அந்நிகழ்வில் பங்கேற்றார். கால்பந்துக்குப் பேர்போன மன்னார் மாவட்டத்திலிருந்து டக்சன் பியூஸ்லஸ் போன்ற வீரர்கள் தேசிய அணியில் இடம் பிடித்தனர். தடுப்பாட்டத்தில் நம்பிக்கைக்குரியவராக விளங்கிய அவர், மாலத்தீவில் ஆடிக்கொண்டிருந்த 2022இல் இளவயதிலேயே மறைந்தார்.

போர்க்காலத்திலும் அணி முற்றிலும் ஒளியிழந்துவிடவில்லை. வளரும் கால்பந்து நாடுகளுக்கென ஆசியக் கூட்டமைப்பு தொடங்கிய சேலஞ்ச் கோப்பையின் முதல் தொடரில், 2006இல், இலங்கை அரையிறுதியில் நேபாளத்தைப் பெனால்டி முறையில் வென்று இறுதிக்கு முன்னேறி, டாக்காவில் தஜிகிஸ்தானிடம் 0-4 என்று தோற்றது. 2008 ஏப்ரலில் தைபேயில் பாகிஸ்தானை 7-1 என்று வென்றது அதன் மிகப் பெரிய வெற்றி.

போர் ஓய்ந்தபின் அணியைச் சிதைத்தது நிர்வாகம். கூட்டமைப்பில் நீண்டகாலம் செல்வாக்குடன் இருந்த மணிலால் பெர்னாண்டோவுக்கு, நெறிமுறை மீறல்களுக்காக ஃபிஃபா 2013இல் வாழ்நாள் தடை விதித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், கூட்டமைப்பின் தேர்தலிலும் நிர்வாகத்திலும் வெளியார் தலையீடு இருந்ததாகக் கூறி இலங்கையையே இடைநீக்கம் செய்தது. கூட்டமைப்புகள் அரசிடமிருந்து விலகித் தன்னாட்சியுடன் இயங்க வேண்டும் என்பது ஃபிஃபாவின் அடிப்படை விதி. 2022 ஆகஸ்டில் இந்தியாவும் சில நாட்கள் இதே காரணத்திற்காக இடைநீக்கம் செய்யப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இந்தியாவுக்கு நாட்களில் தீர்ந்தது இலங்கைக்கு ஆகஸ்ட் வரை நீண்டது. அதனால் அவ்வாண்டு பெங்களூருவில் நடந்த சாஃப் தொடரில் அவ்வணியால் ஆட முடியவில்லை. ஆடாத ஆட்டத்தில் தரவரிசைப் புள்ளி கிடைக்காது. புள்ளி குறைந்தால் அடுத்த தகுதிச்சுற்றை அடிநிலையிலிருந்து தொடங்க வேண்டும். இச்சுழலில் ஒரு முறை சிக்கிய சிறிய நாடு மீள்வது மிகக் கடினம். இதற்கு முன், 2022 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றிலும், இலங்கையில் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் மக்காவ் அணி கொழும்பு வர மறுத்ததால் கிடைத்த வெற்றியைக் கொண்டே இலங்கை இரண்டாம் கட்டத்திற்கு முன்னேறியது. அங்கே தென்கொரியாவிடம் 0-8 என்று தோற்றது.

அண்மைய மாற்றத்திற்கு வழிவகுத்தது புலம்பெயர்ந்தோரின் அடுத்த தலைமுறை. ஃபிஃபா விதிப்படி ஒரு வீரர் அந்நாட்டின் குடியுரிமை பெற்றவராக இருத்தல் வேண்டும். வேறு நாட்டில் பிறந்து குடியுரிமையைப் பின்னர் பெற்றவராயின், பெற்றோரோ தாத்தா பாட்டியோ அந்நாட்டில் பிறந்திருப்பதும் தகுதியாகக் கொள்ளப்படும். இரட்டைக் குடியுரிமையை இலங்கைச் சட்டம் ஏற்கிறது. இந்தியச் சட்டம் ஏற்பதில்லை. இவ்வேறுபாடு காரணமாக, இந்தியாவுக்கு எளிதில் திறக்காத கதவு இலங்கைக்குத் திறந்திருக்கிறது. பெர்லினில் வளர்ந்த வசீம் ரசீக், 2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் தொடரில் மாலத்தீவுக்கு எதிராக 4-4 என்று முடிந்த ஆட்டத்தில் நான்கு கோல்களையும் தாமே அடித்தபோது இவ்வழியின் பயன் வெளிப்பட்டது. பின்னர் ஜெர்மனியில் ஆடிய கிளாடியோ காமர்க்னெக்ட், இங்கிலாந்தில் பயின்ற தில்லன் டி சில்வா முதலியோர் வந்து சேர்ந்தனர். முன்னர் நேபாளத்தைச் சாஃப் இறுதிக்கு அழைத்துச் சென்ற குவைத் நாட்டவரான அப்துல்லா அல் முத்தைரி 2024இல் பயிற்றுநரானார். அவ்வாண்டு செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டி முறையில் வென்று ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டத்திற்கு இலங்கை முன்னேறியது. 2025 ஜூனில் கொழும்பில் சீனத் தைபேயை 3-1 என்று வென்றது.

இவ்வழியின் பயனையும் எல்லையையும் கோயம்புத்தூர் தன் அனுபவத்தில் கண்டிருக்கிறது. 2018-19 பருவத்தில் சென்னை சிட்டி அணி நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டு ஐ-லீக்கில் ஆடியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியளிக்க, பெத்ரோ மான்சி முதலிய வெளிநாட்டு வீரர்களும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழக வீரர்களும் சேர்ந்து, 2019 மார்ச் 9 அன்று மினெர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வீழ்த்தி, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனார்கள். அரங்கு நிறைந்த அந்த மாலைகளுக்குப் பின் இரண்டே பருவங்களில் அவ்வணி லீக்கிலிருந்தே மறைந்தது. வெளியிலிருந்து வரும் திறமை ஒரு பருவத்தை வென்று தரும். பத்துப் பருவங்களைத் தாங்குவதற்கு உள்ளூர் லீக் வேண்டும். இலங்கையின் உள்நாட்டு லீக்கோ அண்மை ஆண்டுகளில் தடங்கலின்றி நடந்த காலம் குறைவு.

புலம்பெயர்ந்தோரிலும் பெரும் பகுதியினர் தமிழர் என்பதால், இங்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஃபிஃபாவில் இடம்பெறாத இனங்களுக்கும் பகுதிகளுக்குமான கொனிஃபா என்னும் தனி அமைப்பின் உலகக் கோப்பைகளில், 2014இல் ஸ்வீடனின் ஓஸ்டர்சுண்ட் நகரிலும் 2018இல் லண்டனிலும், புலம்பெயர் இளைஞர்களைக் கொண்ட தமிழீழ அணி ஆடியது. அவ்விளைஞர்களுக்குக் கொழும்பின் சட்டையை அணிவது வெறும் விளையாட்டு முடிவு அன்று. குடும்பங்கள் எதை விட்டு ஓடிவந்தனவோ அதனோடு தொடர்புடைய முடிவு. வேல்ஸில் பிறந்து, லிவர்பூல் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்து, 2024இல் பார்ன்ஸ்லி அணிக்காக ஆங்கிலத் தொழில்முறைக் கால்பந்தில் அடியெடுத்து வைத்த ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகன் விமல் யோகநாதன், வேல்ஸ் நாட்டின் இளையோர் அணிகளுக்கு ஆடியவர். இளையோர் ஆட்டங்கள் மட்டுமே ஆடிய வீரர் பின்னர் வேறு நாட்டைத் தேர்ந்துகொள்ள ஃபிஃபா விதி இடமளிக்கிறது. அத்தகைய இளைஞர் ஒருவரைத் தன்பால் ஈர்க்க விரும்பும் கூட்டமைப்பு, அவருக்கு அனுப்பும் அழைப்புக் கடிதத்தோடு, அவருடைய பாட்டனார் ஊரிலும் ஒழுங்காக லீக் நடக்கிறது என்பதையும் காட்டியாக வேண்டும்.