உஷார்! பேனல் மாட்டும் முன் கரண்ட் பில்லைப் படியுங்கள்

மும்பை மாஹிமில் சொந்த மொட்டை மாடி இருக்கிறதா? சொசைட்டி கமிட்டியில் இருக்கிறீர்களா? அப்படியானால் சோலார் விலைப்பட்டியலோடு யாராவது உங்கள் கதவைத் தட்டுவார்கள். "இனி பில்லே வராதும்மா, ஜீரோ பில்!" என்பார்கள்.

அந்த வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்!

சோலார் நல்லதுதான். மாட்டுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எந்த மீட்டர், எந்தக் கட்டண முறை, எந்த நேரத்து யூனிட்டுக்கு என்ன விலை? விற்க வருகிறவர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நமக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. பணம் போவது இங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம். ரிட்டயரான பணத்தில் 3 கிலோவாட் பேனலும் லித்தியம் பேட்டரியும் வாங்கினார்கள். மாட்டிய அன்றே விற்றவர் சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டார். "நெட் மீட்டர் பின்னாலேயே வரும்" என்றார். வந்தது, பல வாரம் கழித்து. அதுவரை சுவரில் இருந்தது பழைய மீட்டர். கரண்ட் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று நெட் மீட்டர் போல அதற்குப் பிரிக்கத் தெரியாது. பகலில் வீட்டில் ஆளில்லை. மிஞ்சிய சூரிய மின்சாரமெல்லாம் வெளியே போக, மீட்டர் அதையும் இவர்கள் செலவாகவே எண்ணிக்கொண்டது.

பில் குறையவில்லை. ஏறியது!

நெட் மீட்டர் வந்த பிறகாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. ஒருநாள் ராத்திரி அந்த வீட்டு அம்மா இன்வெர்ட்டரின் சின்னத் திரையை என்னிடம் காட்டினார். மின்கம்பப் படத்திலிருந்து பேட்டரிப் படத்தை நோக்கி அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் பேட்டரி கொஞ்சம் இறங்கியதும், காசு கொடுத்து வாங்கும் கரண்ட்டை இழுத்து நிரப்பிக்கொள்ளும்படி அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் வெயில் வரும்போது பேட்டரியில் இடமே இல்லை. ஏற்றி இறக்குவதில் வீணாகும் யூனிட் வேறு. அந்த ஒரு அமைப்பை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது. சொல்லத்தான் ஆளில்லை.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். கொலாபா முதல் மாஹிம், சயான் வரை பெஸ்ட் நிறுவனத்தின் மின் விநியோகம். செம்பூரில் இருப்பவர்களுக்கு அதானி, டாடா என்று மாற்றிப் பார்க்க வழி உண்டு. மாஹிம் வீட்டுக்கு அந்த வழி எளிதில் கிடைக்காது. நம் கையில் இருப்பது கட்டண முறையைத் தேர்வு செய்வது மட்டும்தான். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகளில் நெட் மீட்டரிங், நெட் பில்லிங் என இரண்டு உண்டு. நெட் மீட்டரிங்கில் யூனிட்டுக்கு யூனிட் கழியும். நெட் பில்லிங்கில் உங்கள் யூனிட்டுக்கு ஒரு விலை, நீங்கள் வாங்கும் யூனிட்டுக்கு வேறு விலை. விண்ணப்பத்தில் எதற்கு டிக் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் கண்ணால் பாருங்கள்!

நெட் மீட்டரிங்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மிஞ்சிய யூனிட் மாதாமாதம் வரவில் சேரும். ஆனால் மார்ச் 31-ல் கணக்கை முடித்துவிடுவார்கள். மிச்சத்துக்கு ஆணையம் நிர்ணயித்த விலைதான் கிடைக்கும், நீங்கள் கட்டும் விலை கிடைக்காது. ஆகவே தேவைக்கு மேல் பேனல் மாட்டினால் நஷ்டம் உங்களுக்கு.

இதைவிடப் பெரிய ஆபத்து, நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம். 2023 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. சூரிய நேரத்தில் விலை குறைந்தது 20 சதவீதம் மலிவு, நெரிசல் நேரத்தில் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதும் நடைமுறைக்கு வரவேண்டும் என்பது அந்தத் திருத்தம். நம் பேனல் தயாரிப்பது பகலில். நாம் ஏ.சி., மிக்ஸி, கீசர் போடுவது காலையிலும் இரவிலும். நேரக் கட்டணம் உள்ள இணைப்பில் பகலில் மிஞ்சும் யூனிட்டை மலிவு நேரத்துக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். இரவு நெரிசல் யூனிட்டை அது ஈடுகட்டாது. பேட்டரி உதவுவது இந்த இடத்தில்தான், அதுவும் பகலில் நிரம்பி இரவில் இறங்கும்படி அமைத்தால் மட்டும். நேரக் கட்டணம் இல்லாத நெட் மீட்டரிங் இணைப்பில், பில்லைக் குறைக்கவென்று பேட்டரி வாங்குவது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

கரண்ட் போனால்? 2020 அக்டோபர் 12 நினைவிருக்கிறதா? காலையில் மும்பையே நின்றது, லோக்கல் ரயில் உட்பட. அன்று நல்ல வெயில் இருந்தாலும் பேட்டரி இல்லாத சோலார் வீடுகள் இருண்டுதான் கிடந்திருக்கும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்காக, வெளிக் கரண்ட் நின்றதும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இதை முதலிலேயே சொல்லாத விற்பனையாளரிடம் ஜாக்கிரதை!

இப்படிப் பேசினால் விலகி நில்லுங்கள்:

"மீட்டர் வரும் முன்பே ஆன் பண்ணிடலாம்." கூடவே கூடாது!

"பில் ஜீரோ ஆயிடும்." நிலைக் கட்டணம் எங்கும் போகாது. மாதம் 100 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடு முதல் படியில் இருக்கிறது, விலை குறைவு, சேமிப்பும் குறைவு. 300, 500 யூனிட் தாண்டும் வீட்டுக்குத்தான் லாபம் சீக்கிரம் தெரியும்.

"மானியம் எங்க வழியா வரும், ஓடிபி சொல்லுங்க." பொய்! பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய், வேலை முடிந்த பிறகு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். சொசைட்டியின் லிஃப்ட், பம்பு போன்ற பொதுவசதிக்குக் கிலோவாட்டுக்கு 18,000. பேட்டரிக்கு இதில் மானியம் கிடையாது.

"வருஷம் முழுக்க இதே யூனிட் வரும்." ஜூன் முதல் செப்டம்பர் வரை மாஹிம் வானத்தைப் பார்த்தவர் யாரும் இதைச் சொல்லமாட்டார். கடல் உப்புக் காற்றில் பேனலைத் தாங்கும் சட்டமும் துருப்பிடிக்கும். என்ன பூச்சு என்று கேளுங்கள்.

பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம் என்றால் உடனே மறுத்துவிடுங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓடும் வழி அது.

முன்பணம் கொடுத்து வாடகைக்கு இருக்கும் பழைய 'பகடி' கட்டடமா? மாடி யாருடையது என்று எழுத்தில் தெரியாமல் அட்வான்ஸ் தராதீர்கள். கடைசி 12 மாத பில்லையும் எடுத்து வையுங்கள். மீட்டரிங் முறை, பேட்டரி எப்போது நிரம்பும், மார்ச் மிச்சத்துக்கு என்ன விலை, இவை மூன்றையும் விலைப்பட்டியலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு பில் தப்பாக வந்தால் பணத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். முதலில் எழுத்துப் புகார், பிறகு நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மும்பை மின்சார ஆம்புட்ஸ்மேன். ஒவ்வொரு மாதமும் மீட்டர் திரையை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். புகாருக்கு அந்தப் படம்தான் கைகொடுக்கும்.