பழைய குளிர்கண்ணாடிக்குப் புதுப் பளபளப்பு

முதல் சம்பளத்தில் வாங்கிய குளிர்கண்ணாடி ஒன்று என்னிடம் உள்ளது. வில்லைகளில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் கறுப்பு பிளாஸ்டிக் பிரேம் வெயிலாலும் வியர்வையாலும் வெளிறிப்போயிருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை. எனவே, வீட்டிலேயே அதற்குக் குரோம் பளபளப்பு ஏற்ற முனைந்தேன். முதல் முயற்சியில் கிடைத்தது, பழைய அலுமினியச் சட்டியின் மங்கிய சாம்பல் நிறமே. தவறு எங்கே என்று தேடியபோதுதான் இந்த வேலையின் சூட்சுமம் புரிந்தது.

குரோமியத்தை 1797ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வாக்லான் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பல வண்ணங்களில் அமைவதால், 'நிறம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. வாகன உதிரிபாகங்களில் காணும் உண்மையான குரோம், மின்சாரத்தின் துணையால் ஏற்றப்படும் முலாம். அதற்குப் பயன்படும் குரோமிக் அமிலம் கொடிய நச்சு. வீட்டுக்குள் வரவே கூடாது. கடையில் கிடைக்கும் 'குரோம்' ஸ்பிரே பெயின்ட்டில் பொதுவாக இருப்பவை நுண்ணிய அலுமினியத் துகள்கள். அவை சமமாகப் படுத்தால் ஒளி கண்ணாடிபோல் திரும்புகிறது. தளம் கரடுமுரடாக இருந்தால் சிதறுகிறது. ஆக, பளபளப்பைத் தீர்மானிப்பது மேலே பூசும் வண்ணத்தைவிட அடியில் உள்ள வழவழப்பே.

திருகாணிகளைக் கழற்றி, தண்டுகளையும் வில்லைகளையும் தனியே எடுத்துவையுங்கள். வில்லை கழலாவிட்டால் மாஸ்கிங் டேப்பால் விளிம்புவரை மூடுங்கள். கீல்களையும் மூடிவிடுங்கள். பிரேமைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். அசிட்டோன் பக்கம் போகவேண்டாம். பல பிரேம்களின் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். பின்னர் 400, 800, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேயுங்கள். பிளாஸ்டிக்குக்கான பிரைமரையும், அதன்மேல் பளபளப்பான கறுப்பு வண்ணத்தையும் பூசுங்கள். கறுப்பில் உங்கள் முகம் தெளிவாகத் தெரியும்வரை குரோம் டப்பாவைத் தொடாதீர்கள். நான் முதலில் தாண்டிச் சென்றது இந்தப் படியைத்தான்.

கறுப்பு நன்றாகக் காய ஓரிரு நாள் விடுங்கள். பிறகு ஏறத்தாழ ஓர் அடி தொலைவிலிருந்து, கையை நிறுத்தாமல், மெல்லிய படலங்களாகக் குரோமைத் தெளியுங்கள். அடர்த்தியாகத் தெளித்தால் துகள்கள் குவிந்து மங்கும். பழைய பிளாஸ்டிக் கரண்டியொன்றில் முதலில் ஒத்திகை பார்ப்பது நலம். மழைநாளையும் காற்று வீசும் நேரத்தையும் தவிருங்கள். காற்றோட்டமான இடத்தில், முகமூடியும் கையுறையும் அணிந்து, அடுப்பு, ஊதுபத்தி போன்ற நெருப்பு எதுவும் அருகில் இல்லாதபோது செய்யுங்கள். டப்பாவில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது.

இனிப் பொறுமைதான் வேலை. தொட்டால் ஒட்டாததைக் கண்டு காய்ந்துவிட்டது என்று எண்ணி, இரண்டாம் முயற்சியிலும் நான் தண்டை எடுத்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. சில நாள்கள் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. மேலே நிறமற்ற பூச்சு அடித்தால் உறுதி கூடும். ஆனால் பளபளப்பு பெரும்பாலும் சற்றுக் குறையும். கரண்டியில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூக்கிலும் காதிலும் படும் உட்புறத்தைப் பூசாமல் விடுவது நல்லது. வியர்வை வண்ணத்தை உரிக்கும். சிலரின் தோலுக்கு வண்ணமும் ஒவ்வாது. மற்றொன்று: பிரேம் எவ்வளவு மின்னினாலும் கண்ணைக் காப்பது வில்லையே. 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிர்களைத் தடுக்காத கண்ணாடிக்கு இந்த உழைப்பு வீண்.

இது முலாம் அன்று. சாவிக்கொத்தோடு பையில் போட்டால் உரசித் தேயும். மென்துணியால் துடைத்து, உறையில் வைத்தால் நெடுநாள் தாங்கும். என் கண்ணாடியின் வலத் தண்டில் அந்த ரேகை இன்னும் இருக்கிறது. அதை அழித்து மீண்டும் பூச எனக்கு மனமில்லை.