விளையாட்டுக் கார் ஓட்டியவர் நிஜப் பந்தயத்தில் இறங்கினார்!

காரில் ஏறாமலே கார்ப் பந்தயம் பழக முடியுமா?

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. ஆகவே, “அது எப்படி முடியும்?” என்றுதான் யாரும் கேட்பார்கள்.

ஆனால், ஒரு வாலிபர் பழகிக் காட்டினார். வீட்டில் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, விளையாட்டுக் கார் ஓட்டினார். பிறகு நிஜக் காரில் ஏறினார். உலகப் புகழ் பெற்ற பந்தயங்களில் ஓட்டினார். பரிசு மேடையிலும் நின்றார்.

அவர் பெயர் யான் மார்டன்பரோ. பிரிட்டனைச் சேர்ந்தவர்.

அவருடைய கதையில் வெற்றி உண்டு. ஒரு சாவும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

காரின் மேல் ஆசை

மார்டன்பரோ 1991-ம் ஆண்டில் பிறந்தார். வளர்ந்தது, வேல்ஸ் பகுதியின் தலைநகரான கார்டிப் நகரில். அவருடைய தகப்பனார் ஸ்டீவ், கால்பந்து ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்.

பையனுக்குக் கார் என்றால் உயிர். சிறு வயதில் “கோ-கார்ட்” என்னும் சின்னஞ்சிறு பந்தய வண்டியைச் சில காலம் ஓட்டினார். பிறகு அது நின்றுபோயிற்று.

கார்ப் பந்தயம், பணம் தின்னும் ஆட்டம். கால்பந்து ஆட ஒரு பந்து போதும். கார்ப் பந்தயத்துக்குக் கார் வேண்டும். டயர் வேண்டும். பெட்ரோல் வேண்டும். மெக்கானிக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு தடவை மோதினால், மறுபடியும் முதலிலிருந்து செலவு! சாதாரணக் குடும்பத்துக்கு அது கட்டுமா?

ஆசை மட்டும் போகவில்லை. வீட்டில் ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்தது. அதில் அவர் கார் ஓட்டத் தொடங்கினார்.

பெட்டிக்குள் ஒரு பந்தய மைதானம்

அந்த விளையாட்டின் பெயர் “கிரான் டூரிஸ்மோ”. ஜப்பானைச் சேர்ந்த கசுனோரி யமாவுச்சி என்பவர் இதை உருவாக்கினார். 1997-ம் ஆண்டு டிசம்பர் மாதம், சோனி கம்பெனியின் “பிளேஸ்டேஷன்” பெட்டிக்காக இது வெளிவந்தது.

அதற்கு முன்பும் கார் விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை வெறும் வேடிக்கை. எவ்வளவு வேகமாகப் போனாலும் கார் திரும்பிவிடும்.

யமாவுச்சியின் விளையாட்டு அப்படி அல்ல. கடையில் விற்கும் நிஜக் கார்கள் அதில் இருந்தன. காரின் எடை என்ன, எஞ்சினின் சக்தி என்ன, டயர் எவ்வளவு பிடித்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதன்படியே கார் ஓடியது. வளைவில் வேகத்தைக் குறைக்காவிட்டால், கார் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும்.

இவர் ஏட்டோடு நிற்பவரும் அல்ல. தாமே நிஜக் காரில் ஏறி, ஜெர்மனியில் நடக்கும் நியூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். 2011-ம் ஆண்டில், அவருடைய கோஷ்டி தன் பிரிவில் முதலிடம் பெற்றது!

கை நடுங்கும், கால் வலிக்கும்

விளையாட்டாகக் கார் ஓட்டுவதற்கென்றே இப்போது தனிச் சாதனங்கள் இருக்கின்றன. இவற்றைச் “சிமுலேட்டர்” என்கிறார்கள். நிஜம் போல நடிக்கும் எந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாற்காலி. எதிரே பெரிய திரை. கையில் ஸ்டீரிங் சக்கரம். காலடியில் ஆக்சிலேட்டர், பிரேக், கிளச்.

ஸ்டீரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஒளிந்திருக்கிறது. திரையில் கார் மேட்டில் ஏறினால், அந்த மோட்டார் சக்கரத்தை உலுக்கும். டயர் வழுக்கினால், சக்கரம் லேசாகிவிடும். “இனி கார் என் பிடியில் இல்லை” என்று கைக்குத் தெரிந்துவிடும்.

பந்தயப் பாதைகளையும் சும்மா வரைந்துவிடுவதில்லை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, நிஜப் பாதையின் மேடு பள்ளங்களை அளந்துகொண்டு வருகிறார்கள். அதே மேடும் பள்ளமும் திரையிலும் இருக்கும்.

ஆகாய விமானம் காட்டிய வழி

இந்த யோசனை புதியது அல்ல. கிட்டத்தட்ட 100 ஆண்டுப் பழமை உடையது!

அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் இருந்தார். அவருடைய தந்தை, ஆர்கன், பியானோ முதலிய வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் வாசிக்கக் காற்றடிக்கும் துருத்தி வேண்டும் அல்லவா? அந்தத் துருத்திகளைக் கொண்டே, 1929-ம் ஆண்டில் லிங்க் ஒரு பொம்மை விமானம் செய்தார். அது தரையை விட்டுக் கிளம்பாது. ஆனால், நிஜ விமானம் போலச் சாயும், ஆடும், திரும்பும்.

முதலில் பலர் அதை வேடிக்கைப் பொருளாகவே நினைத்தார்கள். பொழுதுபோக்குப் பூங்காக்களில் வைத்தார்கள்.

1934-ம் ஆண்டில், அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டு போகும் வேலையை ஏற்றார்கள். கடும் பனி. இருட்டு. சில வாரங்களுக்குள் பல விமானிகள் செத்தார்கள். அதன் பிறகுதான் லிங்க்கின் பொம்மை விமானத்தை ராணுவம் விலைக்கு வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அதில் உட்கார்ந்து பயிற்சி பெற்றார்கள்.

விமானிக்குப் பயன்பட்டது, கார் ஓட்டுபவருக்குப் பயன்படாதா?

90 ஆயிரம் பேரில் ஒருவர்

நிஸ்ஸான் கார் கம்பெனியும் சோனியும் சேர்ந்து, 2008-ம் ஆண்டில் ஒரு போட்டி தொடங்கின. “ஜி.டி. அகாடமி” என்று அதற்குப் பெயர். விளையாட்டுப் பெட்டியில் வேகமாக ஓட்டுபவர்களைத் தேர்ந்தெடுத்து, நிஜப் பந்தய டிரைவர் ஆக்குவது அதன் நோக்கம்.

முதல் போட்டியில் வென்றவர், ஸ்பெயின் தேசத்து லூகாஸ் ஆர்டோனியஸ். மூன்றே ஆண்டில், 2011-ல், அவர் பிரான்சில் நடக்கும் லெ மான் பந்தயத்தில் ஓட்டினார். அவருடைய கோஷ்டி, தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது.

அதே 2011-ம் ஆண்டில் மார்டன்பரோவும் போட்டியில் சேர்ந்தார். அவருக்கு வயது 19.

போட்டிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 90 ஆயிரம் பேர்!

வீட்டில் வேகமாக ஓட்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். அவர்களை இங்கிலாந்தில் உள்ள சில்வர்ஸ்டோன் பந்தய மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நிஜக் கார் ஓட்டச் சொன்னார்கள். உடல் வலிமையையும் மன உறுதியையும் சோதித்தார்கள். விரல் வேகம் மட்டும் அங்கே போதாது.

கடைசியில் ஜெயித்தவர் மார்டன்பரோ.

2012-ம் ஆண்டு ஜனவரி மாதம், துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் ஓட்டினார். அவருடன் ஓட்டியவர்களும் அதே “ஜி.டி. அகாடமி”யிலிருந்து வந்தவர்கள். தங்கள் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார்கள்!

“இவர்கள் எங்களுக்கு வேண்டாம்!”

பிரிட்டனில் “பிரிட்டிஷ் ஜி.டி.” என்று ஒரு பந்தயத் தொடர் உண்டு. தொழில் டிரைவர் ஒருவரும், பொழுதுபோக்குக்காக ஓட்டும் ஒருவரும் ஜோடி சேர்ந்து அதில் ஓட்டுவது வழக்கம். பொழுதுபோக்குக்காக வருபவர்களில் பலர் வசதி படைத்தவர்கள்.

2012-ல், மார்டன்பரோ புதியவர் என்று அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர் ஓட்டிய ஓட்டத்தில், தாமும் தம் ஜோடியும் ஒரு பந்தயத்தையே ஜெயித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு, விளையாட்டுப் பெட்டியிலிருந்து வரும் புதியவர்களைச் சேர்க்கப் பந்தயக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். காரணம்? “மெதுவாக ஓட்டுகிறார்கள்” என்பது அல்ல. “மற்றவர்களை விட மிகவும் வேகமாக ஓட்டுகிறார்கள்” என்பதுதான்!

2013-ம் ஆண்டு ஜூன் மாதம், மார்டன்பரோ லெ மான் பந்தயத்துக்குப் போனார். 1923-ம் ஆண்டு தொடங்கிய பந்தயம் அது. சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரை இரவு பகலாக நடக்கும். ஒரு சுற்று சுமார் 13½ கிலோ மீட்டர். ஒரு காருக்கு மூன்று டிரைவர்கள். முறை வைத்து ஓட்டுவார்கள்.

மார்டன்பரோவுடன் ஓட்டிய இருவரில் ஒருவர், அதே லூகாஸ் ஆர்டோனியஸ். அவர்கள் கார், தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

அந்தக் கறுப்பு நாள்

2015-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி.

ஜெர்மனியில், நியூர்பர்க்ரிங் மைதானத்தின் வடக்குப் பாதையில் பந்தயம். அந்தப் பாதை ஏறத்தாழ 21 கிலோ மீட்டர் நீளம். காட்டுக்கும் மலைக்கும் நடுவே நெளிந்து நெளிந்து போகும். உலகில் மிகவும் ஆபத்தான பந்தயப் பாதைகளில் ஒன்று.

அந்தப் பாதை விளையாட்டுப் பெட்டியிலும் உண்டு. 2004-ம் ஆண்டிலேயே “கிரான் டூரிஸ்மோ” அதைச் சேர்த்துவிட்டது. உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள், வீட்டிலிருந்தே அதில் ஓட்டியிருக்கிறார்கள்.

பாதையில் ஓர் இடத்துக்கு “புளுக்பிளாட்ஸ்” என்று பெயர். “விமானத் தளம்” என்று பொருள். அங்கே பாதை மேடேறி இறங்கும். வேகமாக வரும் கார், உச்சியில் பாரம் குறைந்து லேசாகிவிடும்.

மார்டன்பரோவின் நிஸ்ஸான் கார் அந்த மேட்டில் ஏறியது. முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அடியில் காற்றுப் புகுந்தது. கார் ஆகாயத்தில் எழும்பியது. பின்புறமாகப் புரண்டது. வேலியைத் தாண்டி, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு நடுவே போய் விழுந்தது!

பார்க்க வந்தவர்களில் ஒருவர் உயிர் இழந்தார். இன்னும் சிலர் காயம் அடைந்தார்கள்.

மார்டன்பரோ உயிர் பிழைத்தார்.

அதன் பிறகு, அந்தப் பாதையின் சில இடங்களில் அந்த ஆண்டு முழுவதும் வேகக் கட்டுப்பாடு விதித்தார்கள். 2016-ம் ஆண்டுப் பந்தயங்களுக்கு முன்பாக, மேடுகளைச் செதுக்கினார்கள். வேலிகளைக் கூட்டினார்கள்.

பெட்டி சொல்லித் தராதது

“விளையாட்டுப் பெட்டியில் பழகியதால்தான் இந்த விபத்து” என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. அதற்குள் அவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிஜப் பந்தயங்களில் ஓட்டிவிட்டார். 2014-ல் பார்முலா வகைக் காரிலும் ஒரு பந்தயத்தில் ஜெயித்தார். சிறு வயதிலிருந்து நிஜக் காரிலேயே பழகியவர்களுக்கும் இத்தகைய விபத்து நேர்ந்திருக்கிறது.

ஆனால், பெட்டி சொல்லித் தராத விஷயங்கள் உண்டு.

வளைவு எங்கே, பிரேக்கை எப்போது மிதிப்பது, வழுக்கினால் ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது—இவை எல்லாம் பெட்டியில் வரும். கண்ணும் கையும் நன்றாகப் பழகும்.

உடம்பு பழகாது. பார்முலா ஒன் காரில் பிரேக் போடும்போது, டிரைவரின் தலை ஐந்து மடங்கு எடையோடு முன்னே இழுக்கப்படும். கழுத்து அதைத் தாங்க வேண்டும். காருக்குள் அனல் வீசும். வியர்வை ஆறாக ஓடும். வீட்டு நாற்காலியில் இவை ஏது?

பயமும் பழகாது. பெட்டியில் கார் கவிழ்ந்தால், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். புதுக் கார் வந்து நிற்கும். பாதை ஓரத்தில் நிற்கும் ஜனங்கள் வெறும் படம். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

நிஜப் பாதையில் வேலிக்கு அப்பால் நிற்பவர்கள் படம் அல்ல. அவர்களுக்காக வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள்.

மறுபடியும் காரில்

மார்டன்பரோ பந்தயத்தை விட்டுவிடவில்லை. அதே 2015-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், லெ மானில் மறுபடியும் காரில் உட்கார்ந்தார். 2016 முதல் 2020 வரை ஜப்பானில் பந்தயம் ஓட்டினார்.

2023-ம் ஆண்டில் அவருடைய கதை சினிமாவாக வந்தது. அதற்கும் “கிரான் டூரிஸ்மோ” என்றே பெயர். அவர் வேடத்தில் ஒரு நடிகர் நடித்தார். ஆனால் கார் ஓட்டும் ஆபத்தான காட்சிகளில், நடிகருக்குப் பதிலாக ஓட்டியவர் யார் தெரியுமா? மார்டன்பரோவேதான்!

படத்தில் ஒரு மாற்றம் செய்துவிட்டார்கள். விபத்து முதலில் வருகிறது. லெ மான் பரிசு பிறகு வருகிறது. உண்மை அப்படி அல்ல. பரிசு 2013-ல், விபத்து 2015-ல். துக்கத்துக்குப் பிறகு வெற்றி என்று முடித்தால் சினிமாவுக்கு நன்றாக இருக்கும். வாழ்க்கை அந்த வரிசையில் வரவில்லை.

“ஜி.டி. அகாடமி” போட்டி 2016-ம் ஆண்டோடு முடிந்தது. ஆனால் அது திறந்த வழி மூடவில்லை. அமெரிக்காவில் வில்லியம் பைரன் என்பவரும், வீட்டுக் கம்ப்யூட்டரில் பந்தயம் ஓட்டிப் பழகியவரே. புகழ் பெற்ற “டேடோனா 500” பந்தயத்தை 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஜெயித்தார்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ, கையில் செல்போனை வைத்துக்கொண்டு விளையாட்டுக் கார் ஓட்டிக்கொண்டிருக்கலாம். உடனே பிடுங்கிப் போட வேண்டாம். பாடமும் தூக்கமும் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சில சமயம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கார் எப்படித் திரும்புகிறது, ஏன் வழுக்குகிறது என்று கேளுங்கள். பிள்ளை சந்தோஷமாகச் சொல்லும்.

கார் பாதையை விட்டு எகிறிப் போய் வேலியில் மோதும்போது, இன்னொரு கேள்வியும் கேளுங்கள்:

“வேலிக்கு அப்பால் நின்றார்களே, அவர்களுக்கு என்ன ஆயிற்று, கண்ணு?”