கையில் ஒரு பாழ்

சீட்டாட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். சொல்லே அந்த உறவு என்பது என் விடை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியை ஊரார் ‘தின்னவேலி’ என்பர். அங்கே என் பெரியப்பா வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைதோறும் நால்வர் கூடிப் பிரிட்ஜ் ஆடுவார்கள். கண்பார்வை மங்கிய பின்னும் பெரியப்பா ஆட்டத்தை விடவில்லை. அவர் கைக்கு வரும் பதின்மூன்று தாள்களையும் காதோடு காதாகச் சொல்வது என் பணியாயிற்று.

பிரிட்ஜ் ஆங்கிலேயர் வழி வந்த ஆட்டம். ஆயினும் அந்த விறாந்தையில் வழங்கிய பெயர்கள் பலவும் ஆங்கிலமல்ல. ஆடுதன், கலாவரை, ஸ்கோப்பன் என்பனவெல்லாம் ஒல்லாந்தரின் ஹார்ட்டன், கிளாவரன், ஸ்கொப்பன் என்னும் சொற்களின் திரிபுகள். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1795இல் அதை இழந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களோ ‘முந்நூற்றிநாலு’ ஆடுவோர் நாவில் நிலைத்துவிட்டன. மற்றச் சாதிகளின் பெருந்தாள்களையும் வெட்டி வீழ்த்தும் சாதிக்குத் ‘துரும்பு’ என்று பெயர். அற்பப் பொருளைக் குறிக்கும் சொல்லின் ஒலியே இங்கே வல்லமையைக் குறிப்பது எனக்கு என்றும் வியப்பு.

ஒரு நாள் பெரியப்பாவுக்கு ஸ்கோப்பன் ஆறு, ஆடுதன் நான்கு, டயமன் மூன்று வந்தன. “கலாவரை இல்லை” என்றேன். சற்று உரக்கச் சொல்லிவிட்டேன். அவர் ஸ்கோப்பனைத் துரும்பாக்கினார். எதிரணியினரோ தொடக்கம் முதலே கலாவரையை இறக்கினர். வெட்டி வெட்டி அவருடைய துரும்பு மெலிந்தது, ஆட்டமும் தோற்றது.

அவர் சினக்கவில்லை. “தம்பி, பேர் வேண்டாம், எண்ணை மட்டும் சொல்லு” என்றார். எந்தச் சாதியில் தொடங்குவது என்பதை எங்கள் இருவருக்குள் வைத்துக்கொண்டோம். ஒன்றே இருந்தால் ‘ஒற்றை’, இரண்டிருந்தால் ‘சோடி’, ஒன்றுமில்லையாயின் ‘பாழ்’. “ஆறு, நாலு, மூன்று, பாழ்” என்றதும் கையின் வடிவம் முழுவதும் அவர் மனக்கண்முன் நின்றுவிடும்.

பாழ் அவர் புனைந்த சொல்லன்று. சுழியத்துக்குப் பெயராகப் பரிபாடலிலேயே அது வருகிறது. ‘இல்லை’ என்பது வெறும் மறுப்பு. ‘பாழ்’ என்பதோ எண் வரிசையில் தனக்கென ஓர் இடமுடையது.

சாதிப் பெயரை விடுத்து எண்ணினால், பதின்மூன்று தாள்கள் நான்காகப் பிரியும் வகைகள் 39 மட்டுமே. 4–4–3–2 என்னும் பிரிவு நூறு கைகளில் ஏறத்தாழ 22 தடவை வரும். மிகச் சீரான 4–3–3–3 என்பதோ அதில் பாதியளவே. பாழ் உள்ள கை நூற்றுக்கு ஐந்துதான். சமனான பங்கீடு உலகில் அரிது என்பதைச் சீட்டுக்கட்டும் அறிந்திருக்கிறது!

பெரியப்பா இன்று இல்லை. மேசையைச் சுற்றி மூவர் அமர்ந்து நான்காமவருக்காகக் காத்திருந்த மாலைகள் சில. பின்னர் அதுவும் நின்றது. இளைஞர்கள் ‘ஹார்ட்ஸ்’, ‘ஸ்பேட்ஸ்’ என்கிறார்கள்; அவர்கள்மீது குற்றமில்லை. ஆனால் முதியோர் நாவிலுள்ள இச்சொற்களை ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பொழுதே கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். தவறினால், நம் அகராதியில் அந்த வரிசை பாழாகவே நிற்கும்.