கணையக் கட்டி: ஊசிப் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டுமா?

"கட்டியில் ஊசி பட்டால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்ற பேச்சை நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறோம். இதற்குப் பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு. கணையக் கட்டியைப் பொறுத்தவரை இந்தத் தாமதம் ஆபத்தானது. எனவே இந்தப் பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வோம்.

எப்படிச் செய்கிறார்கள்?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் ஆழத்தில் இருக்கிறது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் குடலில் உள்ள வாயு அதை மறைத்துவிடலாம். ஆனால் இரைப்பையின் உள்ளே இருந்து பார்த்தால் கணையம் மிக அருகில் தெரியும். எனவே நுனியில் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய எண்டோஸ்கோப்பி குழாயை வாய் வழியாகச் செலுத்துகிறார்கள். கட்டியைத் திரையில் பார்த்தபடியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள ஊசியால் அதிலிருந்து சிறிது திசுவை எடுக்கிறார்கள். டென்மார்க் மருத்துவர் பீட்டர் வில்மனும் அவரது குழுவினரும் 1992இல் கணைய நோய்களுக்கு இம்முறையைக் கையாண்டதை வெளியிட்டனர்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்வதால் வலி தெரியாது. பெரும்பாலானவர்கள் அன்றே வீடு திரும்பலாம்.

ஏன் அவசியம்?

கணையத்தில் தெரியும் கட்டி எல்லாமே ஒரே நோய் அல்ல. அது புற்றுநோயாக இருக்கலாம். காசநோயாகவோ, மருந்திலேயே சரியாகும் ஒருவகை கணைய அழற்சியாகவோகூட இருக்கலாம். புற்றுநோயிலும் வகைகள் உண்டு. ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் ஸ்கேனில் கணையக் கட்டி தெரிந்தபோது, சில மாதங்களே வாழ்வார் என்று கருதப்பட்டது. அன்று மாலையே எண்டோஸ்கோப்பி வழியாக ஊசியால் திசு எடுத்துப் பார்த்ததில், அது அறுவை சிகிச்சை செய்யக்கூடிய அபூர்வ வகை என்று தெரிந்தது. அதன்பின் அவர் 2011 வரை வாழ்ந்தார்.

ஆபத்து உண்டா?

ஊசி சென்ற பாதையில் நோய் பரவுவது மிக மிக அரிது. இரத்தக் கசிவு, கணைய அழற்சி, கிருமித் தொற்று ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். வீடு திரும்பிய பின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

* ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மருந்துகளையும் சர்க்கரை மாத்திரைகளையும் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.
* எத்தனை மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று கேட்டு, அதன்படி நடக்க வேண்டும்.
* அறுவை சிகிச்சையில் கட்டியை முழுவதும் எடுத்துவிட முடியும் என்றால் சிலருக்கு பயாப்ஸி இல்லாமலே அதைச் செய்வார்கள். கீமோதெரபி தொடங்குவதற்கு முன் பொதுவாக பயாப்ஸி தேவை.
* "புற்றுநோய் செல்கள் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தாலும் விட்டுவிடக் கூடாது. ஊசியில் சரியான திசு வராமல் போயிருக்கலாம். மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம்.

மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்போம்: "இந்தப் பரிசோதனையின் முடிவால் சிகிச்சை மாறுமா? இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" முடிவெடுக்க அக்கம்பக்கத்தார் பேச்சைவிட இந்தப் பதில்களே நமக்கு உதவும்.